கணிப்பொறிக் கணக்கில் ஏறாத கடிகாரம்

தீர்த்தமலையின் தலபுராணம் ஒரு காலதாமதத்தின் கதை. இலங்கைப் போர் முடிந்து மீண்ட இராமபிரான் இம்மலையில் சிவபூசை இயற்ற விழைந்தார். காசித் தீர்த்தம் கொணரச் சென்ற அனுமன் குறித்த வேளைக்குள் வந்து சேரவில்லை. வேளை தவறலாகாது எனக் கருதிய இராமபிரான் அம்பெய்து பாறையைப் பிளக்க, அவ்விடத்தே ஊறிய நீர் இன்றும் இராமர் தீர்த்தம் என வழங்குகிறது. பிந்தி வந்த அனுமன் வீசியெறிந்த நீரே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமந்தீர்த்தம் என்பர்.

அனுமன் பிந்தினான். ஆயினும் பூசைக்குரிய வேளை எது என்பதில் இருவருக்கும் ஐயம் இருந்ததில்லை. கதிரவன் ஒன்று, நிழல் ஒன்று, உச்சிப்பொழுது ஒன்று. இருவர் கையிலும் வெவ்வேறு நேரம் காட்டும் கடிகாரங்கள் இருந்து, இரண்டுமே சரியானவை என்று வாதிக்கப்பட்டிருப்பின் கதை எவ்வாறு சென்றிருக்கும்? இது வீண் கற்பனை அன்று. அதே இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை அத்தகைய நிலை மெய்யாகவே நிலவியது. ஒரே தீவில் இரண்டு நேரங்கள் வழங்கின. அவற்றுள் ஒன்று உலகக் கணிப்பொறிகளின் கணக்கில் ஏறியது, மற்றொன்று ஏறவில்லை. ஏறாத கடிகாரம் தமிழர் வாழ்ந்த நிலத்தின் கடிகாரம் என்பதால் அதன் வரலாறு தமிழ் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டியதாகிறது. அதனை விளங்கிக்கொள்ள, கடிகாரம் ஊரின் கதிரவனை விட்டுப் பிரிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

பழந்தமிழர் ஒரு பகலையும் இரவையும் அறுபது நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்று இக்கால அளவில் 24 நிமிடம். முல்லைப்பாட்டில், பாசறையில் நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு உரைப்போர் இடம்பெறுகின்றனர். அவர்கள் உரைத்தது அந்தப் பாசறையின் பொழுது. தலைநகரில் அப்போது என்ன பொழுது என்று எவரும் கேட்டிலர். புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. தீர்த்தமலை சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல் தள்ளி அமைந்திருப்பதால், சென்னையில் உச்சிப்பொழுது கழிந்து ஏழு நிமிட அளவில்தான் இங்கே நிழல் காலடியில் சுருங்கும். மாட்டுவண்டிக் காலத்தில் இந்த ஏழு நிமிடத்தால் யாருக்கும் நட்டமும் இல்லை, ஆதாயமும் இல்லை.

வானியலும் கப்பலும் இரயிலும் சேர்ந்து இந்நிலையை மாற்றின. வில்லியம் பெட்ரி என்பார் 1786இல் எழும்பூரில் தம் சொந்த முயற்சியில் தொடங்கிய வான்நோக்ககம் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்புக்கு வந்து, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைகொண்டது. அங்கு நாட்டப்பட்ட கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறிப்புகள் உள்ளன. அரசினர் தம் அறிவியல் முயற்சியை நம் மொழியிலும் கல்லில் வெட்டி வைத்தது அக்காலத்தில் அரிய செயல். வான்நோக்ககத்தின் பொறுப்பிலிருந்த ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் நெடுக்கோட்டை நிறுவினார். சென்னை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடமும் சில விநாடிகளும் முந்தியது என்பது அதனால் உறுதிப்பட்டது.

இந்தியாவில் இருப்புப்பாதைகள் ஒன்றோடொன்று இணைந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பம்பாயின் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது. கல்கத்தாவின் நேரம் 5 மணி 53 நிமிடம் முந்தியது. இரண்டிற்கும் ஏறத்தாழ நடுவே நின்றது சென்னை. அதனால் 1870ஆம் ஆண்டளவில் இந்திய இரயில்களுக்குச் சென்னை நேரமே பொது நேரமாயிற்று. அரூர்ப் பக்கத்தார்க்கு இரயில் வாயிலாக விளங்கும் மொரப்பூர் நிலையத்துக் கடிகாரமும், ஆயிரம் கல் தொலைவிலுள்ள வடநாட்டு நிலையங்களின் கடிகாரங்களும் நுங்கம்பாக்கத்தின் பொழுதையே காட்டின. நாட்டின் பொழுதைச் சென்னை ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுக் காலம் நடத்தியது என்பது சென்னைவாசிகளே மறந்துவிட்ட செய்தி.

1906 சனவரி முதல் நாள் இந்திய நிலையான நேரம் நடைமுறைக்கு வந்தது. 82½ பாகைக் கிழக்கு நெடுக்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்நேரம் கிரீன்விச்சுக்கு 5½ மணி முந்தியது. சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிட அளவில் முன் நகர்ந்தன. தீர்த்தமலையின் கதிரவனுக்கும் கையிலுள்ள கடிகாரத்திற்கும் இடையே அன்று விழுந்த இடைவெளி ஏறக்குறைய 16 நிமிடம். அது இன்றும் அப்படியே உள்ளது. எல்லா நகரங்களும் இதனை உடனே ஏற்றன என்று கருதலாகாது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் தன் நேரத்தை 1955 வரையிலும் விடாது வைத்திருந்தன. அரசின் கடிகாரத்தை ஊரார் ஏற்க மறுப்பது இலங்கையில் தோன்றிய புதுமை அன்று என்பதற்காகவே இது இங்குக் குறிக்கப்படுகிறது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது கடிகாரம் மீண்டும் நகர்ந்தது. இந்தியாவில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை நேரம் ஒரு மணி முன்தள்ளி வைக்கப்பட்டது. இலங்கையிலும் 1942 சனவரியில் அரைமணி, செப்டம்பரில் ஒரு மணி என நேரம் முன்சென்று 1945 அக்டோபரில் பழைய நிலைக்குத் திரும்பியது. சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழர் பட்ட பாடு வேறு. 1942 பெப்ரவரியில் அந்நகர் சப்பானியர் வசமானதும் அங்குத் தோக்கியோ நேரம் புகுத்தப்பட்டது. கொடி மாறினால் கடிகாரமும் மாறும் என்பதை அவர்கள் மூன்றரை ஆண்டு கண்கூடாகக் கண்டனர். பின்னர் 1982 சனவரி முதல் நாள் மலேசியத் தீபகற்பம் தன் நேரத்தை அரைமணி முன்தள்ளிச் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றிணைய, சிங்கப்பூரும் உடன் சென்றது. தமிழர் வாழும் நாடுகளின் கால வரலாற்றில் இந்த அரைமணி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

இம்மாற்றங்களால் முதலில் இடர்ப்பட்டவர் சோதிடர். பன்னிரண்டு இலக்கினங்கள் ஒரு நாளில் சுழன்று வருவதால் ஒவ்வொன்றுக்கும் சராசரி இரண்டு மணி நேரமே. போர்க்காலத்தில் பிறந்த ஒருவரின் பிறப்பு நேரத்தில் அந்த ஒரு மணியைக் கழிக்க மறந்தால் அரை இலக்கினம் பிசகும். ஆகையால் எந்த நாட்டில் எந்த ஆண்டில் கடிகாரம் எப்படி இருந்தது என்பதை வரிவரியாகத் தொகுக்கும் வேலையை மேலைநாட்டிலும் சோதிடர்க்கென நூல் செய்தோரே முதலில் மேற்கொண்டனர். தாமஸ் ஷாங்க்ஸ் தொகுத்த உலக நேர நூல் அவ்வகையினது. அந்நூல் பின்னாளில் கணிப்பொறிகளுக்கு ஆதாரமாயிற்று என்பது சோதிடத்தை எள்ளுவோர் சற்று நின்று எண்ணத்தக்கது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறியின் எல்லாச் செயல்களையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படை நிரல்தொகுதியை இயங்குதளம் என்பர். யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்கள் உள்ளூர் நேரத்தை நேராக அறியா. 1970 சனவரி முதல் நாள், கிரீன்விச் நள்ளிரவு தொட்டு எத்தனை விநாடி கழிந்தது என்னும் ஒற்றை எண்ணையே அவை வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணுக்கு நாடில்லை, ஊரில்லை, கோடையில்லை. மனிதர் மணி கேட்கும்போது மட்டும், அவர் எந்த ஊரினர் என்று பார்த்து, ஓர் அட்டவணையைப் புரட்டி, இத்தனை மணி இத்தனை நிமிடத்தைக் கூட்டு அல்லது கழி என்னும் விதியைக் கண்டு, விடை சொல்கின்றன. நாழிகைக் கணக்கர் இருவர் உள்ளே அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம்: ஒருவர் விநாடிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார், மற்றவர் ஏடு பார்த்து ஊர்ப்பொழுது உரைக்கிறார். வலைப்பின்னல் வழியாகத் தொலைவிலுள்ள அணுக்கடிகாரத்தோடு இணைந்து நேரம் திருத்திக்கொள்ளும் கணிப்பொறியும் முதலாமவரின் எண்ணையே திருத்திக்கொள்கிறது. இரண்டாமவரின் ஏடு பழையதாயிருந்தால் எண் எவ்வளவு துல்லியமாயினும் சொல்லும் மணி தவறுதான்.

அந்த ஏட்டின் பெரும்பகுதி மேலைநாடுகளின் கோடைக்கால நேரத்தால் நிரம்பியது. இலண்டனில் மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி முன் செல்லும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின் வரும். தொரந்தோவில் விதி வேறு. 2007ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவும் கனடாவும் மார்ச்சு இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு என்று வகுத்துக்கொண்டன. யாழ்ப்பாணத்துத் தாய் கனடாவிலுள்ள மகனின் தொலைபேசி அழைப்பு ஏன் திடீரென்று ஒரு மணி முந்தியோ பிந்தியோ வருகிறது என்று வியந்தால் அதற்குக் காரணம் இதுவே. விதி ஒழுங்காக இருக்கும்வரை கணிப்பொறிக்கு இதில் இடரில்லை. ஓர் அரசு திடீரென முடிவெடுக்கும்போதுதான் இடர் தோன்றும்.

இந்த அட்டவணையை 1986ஆம் ஆண்டளவில் தொகுக்கத் தொடங்கியவர் அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன். பின்னர் பால் எகர்ட் அதனைப் பேணிவருகிறார். உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆர்வலர் கடிதம் எழுதி, எங்கள் அரசு நேரத்தை மாற்றுகிறது என்று தெரிவிப்பர். சான்று பார்த்து அது சேர்க்கப்படும். கூலியின்றி நடந்துவரும் இப்பணியின் பயனை யூனிக்ஸ், லினக்ஸ், ஆப்பிள், ஆண்ட்ராய்டு எனப் பல இயங்குதளங்களும் நுகர்கின்றன. 2011 செப்டம்பரில் ஆஸ்திரோலேப் என்னும் சோதிட நிரல் நிறுவனம், ஷாங்க்ஸ் நூலின் உரிமை தனக்குரியது என்று கூறி இவ்விருவர்மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சில நாள் அட்டவணையே கிடைக்காமற்போயிற்று. அதே அக்டோபரில் இணையப் பெயர்களை நிருவகிக்கும் ஐகான் அமைப்பு அதனைத் தன் பாதுகாப்பில் ஏற்றது. 2012 பெப்ரவரியில் அந்நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. கடந்த கால உண்மைக்கு எவரும் உடைமையாளர் ஆக முடியாது என்பது அங்கு எழுந்த வாதம்.

அட்டவணையில் நாட்டின் பெயர் இராது. கண்டத்தின் பெயரும் ஊரின் பெயருமே இருக்கும். நாடுகள் பிரியும், பெயர் மாறும். ஊர் நிலைத்திருக்கும் என்பதே காரணம். ஒரே நேர வரலாறுடைய பகுதியில் மக்கள் மிகுந்த ஊரின் பெயரே பதிவுக்கு இடப்பெறும். அம்முறையில் இந்தியா முழுவதற்கும் கல்கத்தா என்று பெயர் அமைந்து, 2008இல் கொல்கத்தா எனத் திருத்தம் பெற்றது. இப்பதிவைத் திறந்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1870 முதல் 1906 வரை அதில் காணப்படும் நேரம் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. அது சென்னை நேரம். நுங்கம்பாக்கத்தின் பொழுது வங்காள நகரின் பெயருக்குக் கீழே ஒதுங்கி நிற்கிறது. மைக்ரோசாப்டின் விண்டோசு தனக்கென வேறு பட்டியல் வைத்துக்கொண்டது. அதில் இந்திய நேரத்திற்குச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என நான்கு நகரங்களும் வரிசையாக நிற்கும். அகர வரிசையின் தயவால் சென்னைக்கு அங்கே முதலிடம்.

அட்டவணையின் அமைப்பில் தமிழ்ப் புலவர் நன்கறிந்த ஒரு முறை உண்டு. அது மூலமும் உரையும் கலந்தது. ஒவ்வொரு பதிவிலும் கணிப்பொறி படிக்கவேண்டிய எண்வரிகள் உள்ளன, அவை மூலம். அவற்றைச் சூழ, இன்ன செய்தித்தாளில் இன்னவாறு வெளிவந்தது, இன்னார் இப்படி எழுதினார் என்னும் விளக்கவரிகள் உள்ளன, அவை உரை. உரைவரியின் முதலில் ஒரு சிறு குறி இடப்படும். அக்குறியைக் கண்டதும் கணிப்பொறி அவ்வரியைத் தாண்டிச் சென்றுவிடும். மனிதர் மட்டுமே அதனைப் படிப்பர். இலங்கையின் கதையில் இந்த மூல உரைப் பிரிவு முதன்மையானது.

1996ஆம் ஆண்டு இலங்கையில் மழை பொய்த்தது. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த அந்நாட்டில் மின்வெட்டு கடுமையாயிற்று. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்துவதற்காக, மே 24ஆம் நாள் வெள்ளிக்கிழமை நள்ளிரவில் கடிகாரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அதே நாளிட்ட செய்தியில் அது வெளிவந்தது. மே 25 அன்று நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை இலங்கையில் நேரமே இல்லை. பன்னிரண்டைத் தொட்ட முள் ஒன்றுக்குத் தாவியது. ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 24 தேதியிட்ட அறிவிப்பின்படி, 26ஆம் நாள் பின்னிரவு 12.30க்கு முள் அரைமணி பின்னே வந்தது. அதன்பின் இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணி முந்தியதாக நிலைபெற்றது. இரண்டு நாள் இடைவெளியில் உலகின் கணிப்பொறிகள் எல்லாம் ஏட்டைத் திருத்திக்கொள்வது அந்நாளில் இயலாத செயல்.

விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இம்மாற்றங்களை ஏற்கவில்லை. அங்குக் கடிகாரம் பழைய 5½ மணியிலேயே, அதாவது இந்திய நேரத்திலேயே, நின்றது. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் வன்னியின் பொழுதும் தமிழ்நாட்டின் பொழுதும் ஒன்றாக ஓடின; யாழ்ப்பாணமும் வவுனியா நகரும் கொழும்பின் பொழுதில் இருந்தன. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்திற்குப் பின் ஏ-9 பாதை திறந்தபோது, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பயணி ஓமந்தையைக் கடந்து கைக்கடிகாரத்தை அரைமணி பின்னே திருப்ப வேண்டும். முகமாலையைக் கடந்ததும் மீண்டும் முன்னே திருப்ப வேண்டும். இலண்டனிலிருந்து ஒலித்த பி.பி.சி. தமிழோசை எல்லோர் காதிலும் ஒரே கணத்தில்தான் விழுந்தது. ஆனால் கிளிநொச்சிச் சுவரிலும் யாழ்ப்பாணத்துச் சுவரிலும் மணி வேறு. இதனைப் பிடிவாதம் என்பாரும் உண்டு, உரிமை என்பாரும் உண்டு. வரலாற்றுக்கு வேண்டியது அவ்வழக்கின் தீர்ப்பு அன்று. அங்கு வாழ்ந்த மக்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே எழுந்தனர், உண்டனர், பிள்ளை பெற்றனர், பிணம் எடுத்தனர் என்னும் செய்தியே.

2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டையொட்டி இலங்கை அரசு பழைய நேரத்துக்குத் திரும்ப முடிவு செய்தது. ஏப்ரல் 14ஆம் நாள் நள்ளிரவு கடந்து 12.30 ஆனதும் கடிகாரம் மீண்டும் 12.00 ஆயிற்று. யூனிக்ஸ் கணக்கில் அக்கணம் 114 கோடியே 50 இலட்சத்து 39 ஆயிரத்து 400ஆவது விநாடி. அந்த எண் குழம்பவில்லை. அதற்கு அடுத்தது அடுத்த விநாடிதான். குழம்பியது மனிதரின் குறிப்பே. அவ்விரவில் கொழும்பு மருத்துவமனை ஒன்றில் 12.10க்குப் பிறந்த குழந்தை என்று மட்டும் எழுதி வைத்தால், முதல் 12.10ஆ இரண்டாம் 12.10ஆ என்று யாராலும் சொல்ல இயலாது. கால் இலக்கின அளவு அதில் அடங்கியிருக்கிறது. கணிப்பொறி இத்தகைய நேரத்தை எழுதும்போது கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் உடன் குறிக்குமாறு வல்லுநர் வற்புறுத்துவது இதற்காகவே.

வருங்காலக் குறிப்பிலும் இதே வகை இடர் உண்டு. 2006 மார்ச்சு மாதத்தில் ஒருவர், ஏப்ரல் 20 மாலை 6 மணிக்குக் கொழும்பில் கவியரங்கம் என்று கணிப்பொறியில் குறித்து வைத்ததாகக் கொள்வோம். நிரல் அதனை உடனே கிரீன்விச் நேரமாக மாற்றிச் சேமித்திருந்தால், நேர மாற்றத்துக்குப் பின் அதே குறிப்பு மாலை 5.30 என்று காட்டும். கவிஞர் அரைமணி முன்னதாக வந்து வெற்று நாற்காலிகளைப் பார்த்திருக்க நேரும். (நம் கவியரங்குகள் குறித்த நேரத்தில் தொடங்குவதில்லை என்பதால் வேறுபாடு தெரியாமலும் போகலாம்.) விண்டோசின் பழைய பதிப்புகளில் குறை வேறு வகையில் இருந்தது. விஸ்டாவுக்கு முந்திய பதிப்புகள் ஒவ்வொரு வலயத்துக்கும் நடப்பு விதி ஒன்றையே வைத்திருந்தன. பழைய விதியை நினைவில் வைப்பதில்லை. ஆகவே 2006இல் திருத்தம் ஏற்றியவுடன், 1999இல் மாலை 4 மணிக்கு எழுதிச் சேமித்த கோப்பு 3.30க்கு எழுதியதாகக் காட்டலாயிற்று. திருத்தம் வருமுன் அவசரப்பட்டோர்க்கு எளிய வழி ஒன்று இருந்தது: பட்டியலில் இலங்கையை விட்டுச் சென்னை வரிசையைத் தேர்ந்துகொள்வது. வன்னியில் கணிப்பொறி வைத்திருந்தவர்க்குப் பத்தாண்டும் அதுவே வழியாக இருந்தது. வேறு வரிசை அவர்களுக்கு இருக்கவில்லை.

உலக அட்டவணையில் இலங்கைக்குக் கொழும்பு என்னும் ஒரே பதிவு உண்டு. அதன் எண்வரிகள் 1996 மே, 1996 அக்டோபர், 2006 ஏப்ரல் ஆகிய மூன்று மாற்றங்களையும் துல்லியமாகக் கூறுகின்றன. வன்னி எங்கே? உரைவரியில் இருக்கிறது. புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை, அவர்கள் கடிகாரம் இந்தியாவைப்போல் 5½ மணியிலேயே நின்றது என்னும் இராய்ட்டர் செய்தி, குறியிட்ட வரியாக அங்கே உள்ளது. மனிதர் படிக்கலாம். கணிப்பொறி தாண்டிச் செல்கிறது. அதனால் 2001ஆம் ஆண்டு புதுக்குடியிருப்பில் பிறந்த ஒருவரின் பிறந்த நேரத்தை இன்று இப்பதிவைப் பின்பற்றும் சாதக நிரலில் இட்டால், அது இலங்கைக்குரிய ஆறு மணியைக் கழித்து, அரைமணி பிழையான இலக்கினத்தைச் சொல்லும். அவர் பிறந்தபோது சுவரில் இருந்த கடிகாரம் நிரலுக்குத் தெரியாது.

இஃது அட்டவணையின் சொந்த நெறியோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. 1970க்குப் பின் ஓரிடத்தின் கடிகாரம் ஏற்கெனவே உள்ள பதிவு எதனோடும் ஒத்துப்போகாதபோது அதற்குத் தனிப் பதிவு தருவது அங்குள்ள விதி. சட்டம் என்ன சொல்லிற்று என்பதைவிட மக்கள் எந்த நேரத்தில் வாழ்ந்தனர் என்பதே அளவுகோல். சீனாவின் சிஞ்சியாங்கில் அரசு நேரமாகிய பெய்சிங் நேரமும் அதற்கு இரண்டு மணி பிந்திய உள்ளூர் நேரமும் அருகருகே வழங்குவதால், உரும்சி நகரின் பெயரில் தனிப் பதிவு உண்டு. பாலத்தீனத்தில் காசாவுக்கு ஒன்று, எப்ரானுக்கு ஒன்று என இரண்டு பதிவுகள் உண்டு. அரசுரிமை பற்றிய வழக்குத் தீராத இடங்களிலும் கடிகாரத்தைப் பதிந்துகொண்டவர்கள், வன்னியின் கடிகாரத்தை உரையோடு நிறுத்திவிட்டனர். இதில் வஞ்சம் ஏதும் இருப்பதாகக் கொள்ள இடமில்லை. இப்பணி கடிதம் எழுதுவோரால் நடப்பது. 1970க்குப் பின் வன்னியின் கடிகாரம் இந்தியாவின் கடிகாரத்தோடு ஒத்திருந்ததால், கொல்கத்தா பதிவையே அங்குள்ளோர் பயன்படுத்தலாம் என்று கொள்ளப்பட்டது. தமிழில் போரைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகள் ஏராளம். கடிகாரத்தைப் பற்றிய கடிதத்துக்கு அவை ஈடாகா.

பதிவு அமைப்பதும் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவுக்கு ஓர் ஊர்ப்பெயர் வேண்டும். கிளிநொச்சி என்று இட்டால், 1996 செப்டம்பரில் அந்நகர் இராணுவத்தின் கைக்குச் சென்றது. 1998 செப்டம்பர் இறுதியில் மீண்டும் புலிகளிடம் வந்தது. 2009 சனவரியில் மறுபடியும் இராணுவத்திடம் சென்றது. ஓர் ஊரின் மணி அன்று அவ்வூரில் நின்ற படையைப் பொறுத்தது. முன்னரங்க எல்லை நகர நகர, அதனோடு அரைமணியும் நகர்ந்தது. புதுக்குடியிருப்பு என்று இட்டால் இச்சிக்கல் குறையும். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை தொடர்ந்து ஒரே கடிகாரத்தைக் காட்ட அது தகுந்த ஊர். எண்வரியில் எழுதினால் மிகச் சிறியதே: போருக்குப் பின் 1945 அக்டோபரில் 5½ மணிக்குத் திரும்பியது, அதன்பின் மாற்றமில்லை.

அட்டவணையைப் பேணுவோர் இதற்குக் கேட்பது சான்று. ஊரும் நாளும் மணியும் ஒருங்கே குறித்த அக்காலத்து ஏடு எதுவும் சான்றாகும்: பள்ளியின் பாடவேளைப் பட்டியல், கோயில் பூசை அறிவிப்பு, மருத்துவமனைப் பிறப்புக் குறிப்பு, ஓமந்தையைக் கடந்து ஊர் திரும்பியவர் இரு மணிகளையும் எழுதி வைத்த நாட்குறிப்பு. 2009இல் மக்கள் சுமந்து செல்ல முடிந்தவற்றுள் காகிதம் மிகக் குறைவு. எஞ்சியவை இன்று தொரந்தோ, இலண்டன், சென்னை வீடுகளின் பெட்டிகளில் உள்ளனவற்றுள்தான் தேடப்பட வேண்டும்.